விண்கல் அறுத்த பிறகு துரு: அறிகுறி பார்த்துத் தண்ணீரைத் திருத்தும் வழி

அர்ஜென்டினாவின் காம்போ டெல் சியெலோ இரும்பு விண்கல்லிலிருந்து நான் அறுத்த முதல் துண்டு, அன்று சாயங்காலம் எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது. மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் முகமெங்கும் மஞ்சள் தேமல். குழாய்த் தண்ணீரில் அறுத்து, துணியால் துடைத்து, அப்படியே அலமாரியில் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு என்னுடையதும் நண்பர்களுடையதுமாக இந்தக் கோளாறைப் பலமுறை சரிசெய்ய வேண்டி வந்தது. அறுக்கும்போது பிளேடு சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றுவோம். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எந்தத் தண்ணி ஊத்தணும்?" துரு எப்போது வந்தது, எங்கே வந்தது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். உங்கள் துண்டில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பையைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

அதற்கு முன் ஒன்று மட்டும். குளோரின் வேறு, குளோரைடு வேறு. குழாயைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாடை குளோரின். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது போய்விடும். குளோரைடு உப்பில் இருக்கும் சரக்கு. அதற்கு வாடை கிடையாது, கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக இன்னும் செறிவாகும். விண்கல் இரும்புக்குள் புகுந்து அரிப்பது இந்தக் குளோரைடுதான். "நல்லா காய்ச்சி ஆறவெச்ச தண்ணிலதான் அறுத்தேன்" என்று சொல்லிக்கொண்டு துருப்பிடித்த துண்டோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பிளேடை ஓட்டும் முன்: தண்ணீரே படக்கூடாத கற்கள்

காண்ட்ரைட் என்பது கல் விண்கற்களில் ஒரு பெரிய வகை. கையில் இருப்பது கார்பன் வகைக் காண்ட்ரைட் என்றால் நிறுத்துங்கள். 1864-இல் பிரான்சில் விழுந்த ஓர்கேய் போன்ற கற்களில் தண்ணீரில் கரையும் சல்பேட் உப்புகள் இருக்கின்றன. நனைந்தால் கல்லே உதிர்ந்துவிடும். ஆப்ரைட் என்ற கல் விண்கல் வகையும் அப்படித்தான். அதில் ஓல்டுஹமைட் என்ற கால்சியம் சல்பைடு தாது உண்டு, ஈரக் காற்றே அதற்கு ஆகாது. இந்தத் தாதுவை முதன்முதலில் கண்டது 1852-இல் இந்தியாவில் விழுந்த பஸ்டீ விண்கல்லில். அப்போது இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த தாமஸ் ஓல்டுஹமின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். நிலாவிலிருந்து அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த கற்களை நாசா இன்றும் நைட்ரஜன் நிரம்பிய பெட்டிக்குள் வைத்து, சொட்டுத் திரவம் இல்லாமல்தான் அறுக்கிறது.

இந்த வகைகள் வீட்டுப் பட்டறை வேலை அல்ல. வகை தெரியாத கல்லும், இந்தியாவில் விழுந்ததாகச் சந்தேகப்படும் கல்லும் அப்படித்தான். இங்கே விழும் விண்கற்களுக்குக் காப்பாளர் புவியியல் ஆய்வுத் துறை, அவர்களிடம் போகட்டும்.

மற்றபடி சாதாரண காண்ட்ரைட், இரும்பு விண்கல், பல்லசைட் (இரும்பும் ஆலிவின் என்ற படிகமும் கலந்த விண்கல்) என்றால் கீழே படியுங்கள்.

அறிகுறி: அறுத்து எடுத்த சில நிமிடங்களிலேயே முகம் மஞ்சளாகிறது

இது மேலோட்டமான துரு. பார்க்கத்தான் பயங்கரம், பெரும்பாலும் எமரி தாளில் நாலு தேய்ப்பில் போய்விடும். ஆனால் காரணத்தைப் பிடிக்காமல் தேய்த்தால் திரும்ப வரும்.

*ஈரத்தோடு விட்டீர்களா?* பத்தில் ஏழு முறை காரணம் இதுதான். பெரிய இரும்புத் துண்டு அறுபட மணிக்கணக்காகும். பாதியில் மிஷினை நிறுத்தி, கல்லை கிளாம்பிலேயே விட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் அறுபட்ட பாகம் மஞ்சளாகிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் அறுத்தாலும் இதே கதைதான். நானே ஒருமுறை மூன்று டம்ளரில் குழாய்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஒவ்வொன்றிலும் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்பாணியைப் போட்டு வைத்தேன். காலையில் மூன்று ஆணியும் துரு. டிஸ்டில்டு வாட்டர் காற்றிலிருக்கும் கார்பன் டையாக்சைடை இழுத்துக்கொண்டு லேசாகப் புளித்துவிடும், பிஎச் 5.6 பக்கம் வரும். குளோரைடு இல்லை என்பதுதான் அதில் நமக்கு லாபம். இரும்பை அதிலேயே ஊறவிட்டால் துரு வரத்தான் செய்யும்.

*எப்படிக் காய வைத்தீர்கள்?* பிளேடு நின்றதும் துண்டை ஒரு தட்டு டிஸ்டில்டு வாட்டரில் போட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்து எடுப்பேன். இரண்டாவது தட்டில் ஒரு அலசல். உடனே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஐந்து நிமிடம், அப்புறம் புது ஆல்கஹாலில் இன்னொரு முறை. டிஷ்யூவில் ஒற்றி, வாடை முழுக்க அடங்கும்வரை திறந்த ஜன்னலோரம் வைத்துவிட்டுத்தான் ஓவன். ஆல்கஹால் ஈரத்தோடு ஓவனில் வைத்தால் தீப்பிடிக்கும். ஆல்கஹால் 99 சதவீதமாக இருக்க வேண்டும். மருந்துக்கடையில் கை துடைக்க விற்கும் 70 சதவீதத்தில் மீதி 30 சதவீதம் தண்ணீர்தானே.

*இரண்டும் சரியாக இருந்தும் மஞ்சளாகிறதா?* அப்போது தண்ணீரைச் சந்தேகப்படலாம்.

குழாய், போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1000 வரைகூட விட்டுக்கொடுக்கிறது. நம் வயிற்றுக்கு அது சரி, இரும்புக்கு விஷம். வாட்டர் சாஃப்ட்னர் வழியாக வந்த தண்ணீரும் உதவாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கும், குளோரைடைத் தொடுவதே இல்லை.

ஆர்ஓ தண்ணீரில்தான் பலரும் ஏமாறுகிறோம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 40 காட்டியதும் சந்தோஷப்படுகிறோம். ஆர்ஓ சவ்வு கால்சியம், சல்பேட்டையெல்லாம் நன்றாகத் தடுக்கும். தப்பித்து வருவதில் பெரும்பங்கு சோடியம் குளோரைடு. நமக்கு ஆகாததுதான் அந்த நாற்பதில் அதிகம். கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். கேன் தண்ணீரில் ருசிக்காக உப்பைத் திரும்பவும் சேர்ப்பார்கள்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் உப்பு குறைவுதான். ஆனால் செம்புக் குழாய்மேல் வழிந்து வருவதால் செம்பு கரைந்திருக்கலாம். இரும்பின்மேல் செம்பு படிந்தால் அந்த இடத்தில் அரிப்பு வேகமாகும். நான் அதைத் தொட்டி கழுவ மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் வந்து நிற்பது பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரில்தான். பல கேன்களில் இருப்பது காய்ச்சி வடித்தது இல்லை, உப்பு நீக்கிய டிஎம் வாட்டர். நமக்கு அது போதும். வாங்கியதும் மீட்டரை வைத்துப் பாருங்கள், 5-க்குள் இருக்க வேண்டும். அதே கடையில் அதே மாதிரி வெள்ளைக் கேனில் பேட்டரி ஆசிடும் விற்பார்கள். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தண்ணீரில் எதையாவது கலக்கலாமா?

விரிசலில்லாத கட்டி இரும்பு என்றால் மட்டும், ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 10 கிராம் சலவைச் சோடா கரைத்துக்கொள்ளலாம். தண்ணீர் காரமாகிவிடும், அறுக்கும் நேரத்தில் துரு ஏறாது. முடிந்ததும் நன்றாக அலசுங்கள். சமையல் சோடாவுக்கு இந்த அளவு பலம் இல்லை.

லேத் பட்டறையில் பால் மாதிரி வெள்ளையாக ஓடும் கூலண்டை (எண்ணெய் கலந்த குளிர்விக்கும் தண்ணீர்) கொஞ்சம் கேட்டு வாங்கலாம் என்று ஒருநாள் போனேன்.

"அண்ணே, இதை எந்தத் தண்ணில கலக்குறீங்க?"

"போர் தண்ணிதான் சார், வேற என்ன?"

கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல தண்ணீரில் கலந்தாலும் அந்த எண்ணெய் காண்ட்ரைட்டுக்குள் ஊறிக் கறையாக நின்றுவிடும். ரேடியேட்டர் கூலண்டையும் சேர்க்காதீர்கள், அதன் சாரல் மூச்சில் போவது நல்லதில்லை.

அறிகுறி: நாட்கள் கழித்து, புள்ளி புள்ளியாகத் துரு, புள்ளியில் வியர்வை மாதிரி ஈரம்

இதற்குத்தான் பயப்பட வேண்டும். மழைக்காலத்தில் அலமாரியைத் திறந்தால், துண்டின்மேல் கடுகளவு பழுப்புத் துளிகள் நிற்கும். சில பச்சை கலந்திருக்கும். டிஷ்யூவில் ஒற்றினால் மஞ்சளாக ஒட்டும், மூன்றாம் நாள் அதே இடத்தில் திரும்ப வரும். சேகரிப்பாளர்கள் இதை லாரன்சைட் நோய் என்பார்கள். லாரன்சைட் என்பது இரும்புக் குளோரைடு தாது. அந்தக் குளோரைடு விண்வெளியிலிருந்தே வந்தது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 1989-இல் புச்வால்டும் கிளார்க்கும், பூமியின் மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் ஏறிய குளோரைடுதான் காரணம், அது அக்ககனைட் என்ற துருவுக்குள் உட்கார்ந்துகொண்டு அரிப்பைத் தொடர்கிறது என்று காட்டினார்கள். கல் ஆயிரக்கணக்கான வருடம் மண்ணில் கிடந்தபோது குடித்த உப்பாக இருக்கலாம், போன மாதம் நாம் ஊற்றிய உப்பாகவும் இருக்கலாம். எது என்று பிரிப்பதுதான் முதல் வேலை.

*கைரேகையா பாருங்கள்.* புள்ளிகள் வளைவு வளைவாக, விரல் வைத்த இடத்தில் மட்டும் இருந்தால் அது உங்கள் வியர்வை. தேய்த்து, அலசி, காயவைத்து, அடுத்த முறை கையுறை போடுங்கள். செலவு பத்து ரூபாய்.

*அறுத்த முகத்தில் மட்டுமா, பழைய மேல்தோலிலுமா?* அறுத்த முகத்தில் பரவலாக இருந்தால் நம் தண்ணீர்மேல்தான் சந்தேகம். மேல்தோலின் குழிகளிலிருந்து கசிந்தால் உப்பு முன்பே உள்ளே இருந்திருக்கிறது. காம்போ டெல் சியெலோவுக்கும் சீனாவின் நண்டானுக்கும் இந்த விஷயத்தில் கெட்ட பெயர். நமீபியாவின் கிபியான் ஒப்பிட்டால் சாது.

*சில்வர் நைட்ரேட் சோதனை.* துண்டைப் புது டிஸ்டில்டு வாட்டரில் ஒரு ராத்திரி வையுங்கள். அந்தத் தண்ணீரில் 10 மில்லி எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் கரைசல் இரண்டு சொட்டு. கறுப்புத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். பால் கலந்தாற்போல் கலங்கினால் குளோரைடு வெளியே வருகிறது என்று அர்த்தம். பக்கத்தில் கல் போடாத அதே தண்ணீரையும் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரின் குற்றத்தைக் கல்லின் தலையில் கட்டிவிடுவோம். சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் கறுப்புக் கறை, நாலைந்து நாள் போகாது.

லேசான கலங்கல் என்றால் தினமும் தண்ணீரை மாற்றி, கலங்கல் நிற்கும்வரை தொடரலாம். ஒவ்வொரு நாளும் மேலே கொஞ்சம் மஞ்சள் ஏறும், கடைசியில் தேய்த்துக்கொள்ளலாம்.

கலங்கல் குறையவே இல்லையென்றால் அடுத்த படி காஸ்டிக் சோடா. புதைபொருள் இரும்பிலிருந்து உப்பை எடுக்க ஆய்வகங்களில் கையாளும் வழி இது. லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு 4 முதல் 20 கிராம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வாரக்கணக்கில் ஊற வேண்டும், வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். அலுமினியப் பாத்திரத்தை அருகில்கூட கொண்டுவராதீர்கள், கரைந்து ஹைட்ரஜன் கிளம்பும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். இந்தக் காரத் தண்ணீரை அப்படியே சில்வர் நைட்ரேட்டில் சோதித்தால் பழுப்பாகித்தான் காட்டும். நைட்ரிக் அமிலம் விட்டு அமிலத்தன்மைக்குக் கொண்டுவந்த பிறகு சோதியுங்கள்.

*எப்போது கைவிட்டு நிபுணரிடம் போக வேண்டும்?* காஸ்டிக்கில் இரண்டு மாதம் ஆகியும் கலங்கல் நிற்கவில்லை, அல்லது துண்டு அடுக்கடுக்காகப் பிரிகிறது, அல்லது அது பல்லசைட். இந்த மூன்றில் எது என்றாலும் உலோகப் பொருள் பாதுகாப்பு தெரிந்த அருங்காட்சியக ஆய்வகம்தான். பல்லசைட்டில் இரும்புக்கும் ஆலிவின் படிகத்துக்கும் நடுவில் துரு நுழைந்தால் படிகம் ஒவ்வொன்றாக உதிரும்.

அறிகுறி: முகம் சுத்தமாக இருக்கிறது, விரிசல் ஓரம் மட்டும் பழுப்புக் கோடு

உள்ளே தண்ணீர் மாட்டியிருக்கிறது. நகைக்கடைத் தராசு, 0.01 கிராம் காட்டுவது, இங்கே நல்ல துணை. துண்டை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, எடை அசையாமல் நிற்கும்வரை தொடருங்கள். தடித்த துண்டு இரண்டு நாள்கூட எடுக்கும்.

எடை நின்றபின்னும் கோடு வந்தால், விரிசலுக்குள் தங்கிய உப்பு. முந்தைய தலைப்பின் ஊறவைக்கும் படிக்குப் போங்கள்.

கோடு இல்லாமல், பித்தளை நிறத்தில் வட்டமான திட்டு மட்டும் மங்கிப் பழுப்பாகிறதா? அது டிராய்லைட், இரும்பு சல்பைடு. அதன் குணமே அது. அதை எதுவும் செய்ய வேண்டாம்.

அறிகுறி: கல் விண்கல் துண்டில் உலோகப் பொட்டுகளைச் சுற்றிப் பழுப்பு வளையம்

சஹாராவில் எடுத்த காண்ட்ரைட்டுகளில் அடிக்கடி வரும். வளையம் அறுக்கும் முன்பே இருந்ததா என்று முதலில் பாருங்கள். பாலைவனத்தில் ஏற்கெனவே துருவேறிய கல்லுக்கு அது பிறவிக் குறி. உங்களிடம் வந்தபின் பரவுகிறது என்றால்தான் கவலை. இந்தக் கற்கள் பஞ்சு மாதிரி தண்ணீரை இழுக்கும், அதனால் நனையும் நேரத்தைக் குறையுங்கள். சின்னத் துண்டுக்குக் குறைந்த வேகத்தில் ஓடும் வேஃபர் சா என்ற மெல்லிய பிளேடு ரம்பத்தில், தண்ணீருக்குப் பதில் ஆல்கஹால் வைத்து அறுப்பார்கள். அதிவேக மிஷினில் அதைச் செய்தால் தீ விபத்துதான். ஆல்கஹால் ஓட்டத் தகுந்த மிஷின் உங்களிடம் இல்லையென்றால், புவியியல் துறை உள்ள கல்லூரியில் பாறைச் சீவல் செய்கிறவரைக் கேளுங்கள். அந்தக் கூலி ஒரு நல்ல துண்டை இழப்பதைவிட மலிவு.

அறிகுறி: முகத்தில் நீலமோ வைக்கோல் நிறமோ பட்டையாக

துரு அல்ல, சூடு. இரும்பு 200 டிகிரிக்கு மேல் போனால் வைக்கோல் நிறம், 300 பக்கம் நீலம். தண்ணீர் ஊற்றினீர்கள், ஆனால் பிளேடின் விளிம்புக்கு அது போய்ச் சேரவில்லை. குழாய் முனையை நகர்த்துங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள். தேய்த்தால் போகும்.

அறிகுறி: காய்ந்தபின் வெள்ளைப் படிவு

கடின நீரின் உப்பு. பஞ்சை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். வினிகர் வேண்டாம். வெள்ளைப் படிந்த தண்ணீரில் குளோரைடும் இருந்திருக்கும், அதனால் ஒரு ராத்திரி ஊறவைக்கும் சோதனையையும் செய்துவிடுங்கள்.

அறிகுறி: கோலம் எடுத்தபின் பழுப்பாகிறது

இரும்பு விண்கல்லை அமிலத்தில் அரித்தால் தெரியும் குறுக்கும் நெடுக்குமான விட்மான்ஸ்டாட்டன் கோலத்தை வெளிக்கொண்டுவர எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் பெர்ரிக் குளோரைடைப் பயன்படுத்தினீர்களா? அப்படியென்றால் வேறு காரணம் தேட வேண்டாம். அவ்வளவு கவனமாகக் குளோரைடு இல்லாத தண்ணீர் தேடிவிட்டு, கடைசியில் குளோரைடையே கிண்ணத்தில் ஊற்றியிருக்கிறீர்கள். நானும் ஒருமுறை செய்தேன், அதனால்தான் தைரியமாகத் திட்டுகிறேன். ஊறவைத்து எடுக்கும் படிக்குத் திரும்புங்கள்.

நைட்டல் என்றால், அதாவது எத்தனாலில் சில சதவீதம் நைட்ரிக் அமிலம், மிச்சம் நின்ற அமிலம்தான் காரணம். சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, டிஸ்டில்டு வாட்டர், பிறகு ஆல்கஹால். நைட்டலைக் கலந்து பாட்டிலில் இறுக மூடி வைக்காதீர்கள், அசிட்டோனை நைட்ரிக் அமிலத்தோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள், வெடிக்கும். அமிலம் கையாண்டு பழக்கமில்லாதவர் இந்த வேலையை மெட்டலர்ஜி லேபில் கொடுத்துவிடுவது நல்லது.

அறிகுறி: தண்ணீர் நல்லது, முறை சரி, ஆனாலும் ஒவ்வொரு துண்டும் துரு

தொட்டியைப் பாருங்கள். புதுத் தண்ணீரின் டிடிஎஸ் 2, அரை நாள் அறுத்தபின் தொட்டித் தண்ணீர் 180 என்று எனக்கே ஒருமுறை வந்தது. போன வாரம் வேறு கல் அறுத்த சேறு அடியில் கிடந்தது, பம்ப் குழாய்க்குள்ளும் பழைய குழாய்த் தண்ணீர் தேங்கியிருந்தது. தொட்டியைக் காலி செய்து, குழாயைப் பிடுங்கி, இரண்டு முறை டிஸ்டில்டு வாட்டரை ஓட்டிக் கொட்டினேன். மீட்டர் 4-க்கு வந்தது. இப்போது விண்கல்லுக்கென்று ஒரு சின்ன டப்பாத் தொட்டி தனியாக வைத்திருக்கிறேன். இரண்டு லிட்டர்தான் பிடிக்கும், ஒரு துண்டுக்கு ஒரு ஊற்றல், முடிந்ததும் கொட்டிவிடுவேன்.

தொட்டியும் சுத்தம் என்றால் மிச்சம் இருப்பது அலமாரி. கடலோர ஊரில் திறந்த தட்டில் வைத்த துண்டு, எந்தத் தண்ணீரில் அறுத்தாலும் தாங்காது. மூடி இறுகும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். ஐப்பசி, கார்த்திகையில் என் டப்பாவில் ஜெல் வாராவாரம் நிறம் மாறிவிடுகிறது, ஓவனில் வைத்துக் காய்ச்சித் திரும்பப் போடுகிறேன்.